படம் பேசிச்சு, யாரு பேச்சு?

எங்க தாத்தா கொட்டுக்காரர். மேலப்பாளையத்துக்கு டெண்ட் கொட்டகை வந்த காலத்தில் மாட்டுவண்டிக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு போனவர். வண்டியில் ரெண்டு பக்கமும் படத்தட்டி இருக்கும். மேலே உட்கார்ந்து ஒருத்தன் நோட்டீஸ் வீசுவான். காலையில் சாயபுமார் தெருக்களில் தறிக்குப் பாவு நீட்டிக் கிடக்கும். பாவை எடுக்கிற வரைக்கும் வண்டி தெருமுக்கில் நிற்கும். நிற்கிற நேரமெல்லாம் தாத்தா அடித்துக்கொண்டே இருக்கணும்.

ராத்திரி கொட்டகைக்குள்ளும் அவருக்கு வேலை இருந்தது. ஊமைப்படம். சண்டை வந்தால் அடிக்கணும், குதிரை ஓடினால் அடிக்கணும், சாவு வந்தால் நிறுத்தணும். திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று, படத்தில் வருகிற எழுத்தை வாசித்துக் கதை சொல்வார். அவர் படித்தவர். தாத்தாவுக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆட்கள் முகத்தைப் பார்த்தே அடித்தார்.

"பொறவு பேசுத படம் வந்துது. உள்ள கொட்டு வேண்டாம்னுட்டாவ. தெருவுல அடிச்சாப் போதும்னாவ. படம் பேசுது, படம் பேசுதுன்னு ஊரு பூராவும் சொன்னவன் நாந்தான். எங்கிட்ட அது ஒரு வார்த்த பேசல."

சின்ன வயசில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். வேலை போன மனுசனின் புலம்பல் என்றுதான் நினைத்தேன். சினிமா வரலாறு என்று எழுதப்பட்டவற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, எந்தப் புத்தகமும் கேட்காத ஒரு கேள்வியைத் தாத்தா கேட்டிருக்கிறார் என்று. படம் பேசியது சரி. யாருடைய பேச்சைப் பேசியது?

*

வரலாறு சொல்வது இது. 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படம். அதே வருசம் அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வந்தது. எச்.எம். ரெட்டி எடுத்தார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். அதற்குப் பிறகு தமிழ்ப் படம் பேசிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கதையில் ஊமை என்பது ஒரு குறை, பேச்சு அதற்குக் கிடைத்த வைத்தியம். குழந்தை வளர்ந்து பேசத் தொடங்கிய மாதிரி எழுதுகிறார்கள்.

ஊமைப்பட காலத்தில் கொட்டகை ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை. 1905லிருந்து டெண்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே சினிமா சத்தத்தோடுதான் வந்தது. பாண்டு, கொட்டு, கதை சொல்கிறவரின் குரல், சனங்களின் கூச்சல் எல்லாம் இருந்தன. படத்துக்குத்தான் வாய் இல்லை. அந்த வாயில்லாத இடத்தில் எங்க தாத்தா மாதிரி ஒருத்தர் தன் கையால் ஏதோ ஒன்றைச் சொல்ல முடிந்தது. பேசும் படம் வந்தபோது அந்த இடம் அடைபட்டது.

இதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. தாத்தா பேச்சைக் கேட்டால் எங்க ஆச்சி சண்டைக்கு வருவாள்.

"ஒங்க தாத்தா சொல்லுதத கேக்காதல. அவியளுக்கு கொட்டு போச்சேன்னு வருத்தம். படம் பேசுன பொறவுதான் எனக்கு கத வெளங்கிச்சு. அதுக்கு முந்தி அந்த வாசிக்கிற ஆளு சொன்னதுதான் கத. அவரு மூக்குப்பொடி போடுற நேரம் நம்ம முழிச்சிக்கிட்டு இருக்கணும்."

ஆச்சி சொன்னதையும் கணக்கில் எடுக்கணும். ஊமைப்படத்தின் வாய் எழுத்தில் இருந்தது. எழுத்து யாரிடம் இருந்தது என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட சனங்களுக்கு 1931 ஒரு திறப்பு. நடுவில் நின்று வாசித்துச் சொல்கிற ஆள் இல்லாமலே தரையில் உட்கார்ந்து கதையைக் காதால் வாங்கிக்கொள்ள முடிந்தது. இதை மறுத்தால் நாம் பழைய காலத்துக்குப் பூமாலை போடுகிறவர்களாக ஆகிவிடுவோம். ஊமைப்படமும் நமக்குத் தாய்வீடாக இருக்கவில்லை. ரோசியைக் கேட்டால் தெரியும்.

*

நாகர்கோவில் ரயிலேறினால் திருநெல்வேலிக்கு அடுத்து மேலப்பாளையம். அதே தண்டவாளம் போய்ச் சேருகிற நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் ஒரு பெண் வாழ்ந்து செத்துப்போனார். அவர்தான் பி.கே. ரோசி, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி. எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வெளியானது 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு இருக்கிறது. ரோசி புலையர் சாதிப் பெண், காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேசம்.

அது ஊமைப்படம் என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சு இருந்தால் சாதி தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். இங்கே பேச்சே இல்லை. முகம், சேலை, நடை, அவ்வளவுதான். நாயர் பெண் மாதிரி உடுத்தி நடந்தால் திரையில் அவள் நாயர் பெண்தான். சாதி என்பது உடம்பில் இல்லை, உடுப்பில் இருக்கிறது என்பதை அந்த வெள்ளைத்துணி ஒரு ராத்திரியில் காட்டிவிட்டது. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. கல்லெறிந்தார்கள், திரை கிழிந்தது, ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. அவர் ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரி ஓட்டிய கேசவபிள்ளையைக் கட்டிக்கொண்டு ராஜம்மாளாக வாழ்ந்தார். தான் நடித்ததைப் பற்றி வெளியே பேசாமலே இருந்தார் என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில்தான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆக, தன்னைத் துரத்திய அதே ராச்சியத்துக்குள்ளேதான் ரோசி இருபத்தைந்து வருசத்துக்கு மேல் ஒளிந்திருக்கிறார். இடத்தை மாற்றியதால் அவர் தப்பவில்லை. வாயை மூடியதால் தப்பினார். படம் பேசத் தொடங்கிய அதே காலத்தில் அந்தப் படத்தின் நாயகி ஊமையானார்.

'ஆலம் ஆரா'வின் பிரதி இன்று இல்லை. 'காளிதாஸ்' இல்லை. 'விகதகுமாரன்' இல்லை. மூன்றும் அழிந்துவிட்டன. ஆனால் அழிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. 'ஆலம் ஆரா'வுக்குத் தேதி இருக்கிறது, தியேட்டர் பெயர் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன. ரோசிக்கு, இதுதான் அவர் முகம் என்று சந்தேகமில்லாமல் காட்ட ஒரு போட்டோகூட இல்லை.

*

ரோசி வாயை மூடிய பிறகு, மைக்குக்கு முன்னால் யார் நின்றார்கள்?

ஆரம்பப் பேசும் படத்தில் பின்னணிப் பாட்டு கிடையாது. நடிக்கிறவரே பாட வேண்டும், படம் பிடிக்கும்போதே பாட வேண்டும். தமிழில் 1938இல் ஏவி.எம்.மின் 'நந்தகுமார்' வந்த பிறகுதான் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுகிற வழி வந்தது. அதுவரை பாடத் தெரிந்தவர்தான் நடிகர். பாட்டு என்றால் எந்தப் பாட்டு? தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் வளர்த்த கம்பெனி நாடகப் பாட்டும் கச்சேரிப் பாட்டும். ராகம் தெரிந்த குரலைத் தேடினார்கள். ஒப்பாரி வைக்கிற குரலை, நடுகைப் பாட்டுக் குரலை, கூத்தில் விடிய விடியக் கத்திப் பழுத்த குரலை யாரும் தேடிப் போனதாக வரலாறு எழுதியவர்கள் சொல்வதில்லை.

'காளிதாஸ்' படத்தில் ராஜலட்சுமி தமிழ் பேசினார், நாயகன் தெலுங்கு பேசினார். ஒரே படத்தில், ஒரே காதலில், இரண்டு பாசை. சனங்கள் அதை ஏற்றுக்கொண்டு பார்த்தார்கள். பாசை புரிவது அன்றைய சினிமாவுக்கு அவ்வளவு பெரிய நிபந்தனை இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பிறகு சேரிப் பேச்சு புரியாது, எடுபடாது என்று சொல்வதற்கு என்ன நியாயம்? தெலுங்குக்கு இடம் இருந்தது. நம்ம தமிழுக்கு இடம் இல்லை.

சரி, பறையனே கதாநாயகனாக வந்த படம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1935இல் 'நந்தனார்'. கே.பி. சுந்தராம்பாள் நந்தனார், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம், அன்றைக்கு நாடே வாய்பிளந்த தொகை. 1942இல் ஜெமினி மறுபடியும் எடுத்தது, தண்டபாணி தேசிகரை வைத்து. ஒரு பெண், அதுவும் சாதி அடுக்கில் மேலே இல்லாத ஒரு பெண், தன் குரலால் அந்த உயரத்துக்குப் போனதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு என்ன பேச்சைக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இந்தப் படங்களின் நந்தன் பெரியபுராணத்து நந்தன் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடிய நந்தன். சேக்கிழாரிடம் வேதியப் பண்ணையாரே கிடையாது. அங்கே நந்தன் யாரிடமும் லீவு கேட்கவில்லை. பாரதிதான் ஒரு ஆண்டையைக் கொண்டுவந்து, நந்தனைப் பண்ணையாளாக்கி, சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்ச வைத்தார். சேக்கிழாரும் கடைசியில் நந்தனைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விடுகிறார், அதில் நமக்கு ஏமாற்றம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் ஒரு உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறார். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவன் நந்தன். கோயிலின் சத்தமே அவன் கைச்சரக்கு. சத்தத்தைக் கொடுத்தவன் வெளியே நின்றான்.

பேசும் படம் இந்த நந்தனை விட்டுவிட்டு அந்த நந்தனை எடுத்துக்கொண்டது. தமிழ்த்திரையில் நம் சாதிக்காரன் ஒருவன் நாயகனாக வந்து வாயைத் திறந்தபோது, அந்த வாய் உத்தரவு கேட்டது. ஆச்சி ஜெமினி நந்தனாரைப் பார்த்து அழுதவள். அழுதுவிட்டுக் கேட்டாளாம்: "எல்லாஞ் சரி, அவன் அந்த ஐயர்ட்ட எதுக்கு இம்புட்டு நேரம் கெஞ்சுதான்? நடந்து போயிர வேண்டியதான?"

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

நடந்து போன ஒருவன் பிறகு வந்தான். 1949இல் 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினார். கிந்தன் சிதம்பரம் போகவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பெரிய பாய்ச்சல் அது, திராவிட இயக்கத்தின் நல்ல பக்கம். ஆனால் அங்கேயும் கிந்தன் கதையைக் கலைவாணர்தான் சொல்கிறார், கிந்தன் சொல்லவில்லை. என்.எஸ்.கே. பிறந்த ஒழுகினசேரி நாகர்கோவிலில்தான் இருக்கிறது. கிந்தன் கதை கொட்டகைகளில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்த வருசங்களில், அதே ஊரில் ராஜம்மாள் என்கிற பெயருக்குள் ரோசி வாய்பேசாமல் இருந்தார்.

*

அதற்குப் பிறகு வந்ததை விரித்துச் சொல்ல இங்கே இடமில்லை. வசனம் பெருகியது, அடுக்குமொழி ஆட்சியையே பிடித்தது. 1992இல் 'தேவர் மகன்' வந்தபோது அந்தப் படத்துப் பாட்டு தென்மாவட்டத் தெருக்களில் சாதிப் பெருமைப் பாட்டாக ஒலிபெருக்கியில் கட்டப்பட்டது. சினிமாவின் சத்தம் எங்களைத் தேடி வந்தது அப்படித்தான். கொட்டகைக்குள் வெளியே நிறுத்தப்பட்டவன் தெருவில் அதைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகப் போன ஊர்வலத்தைக் கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. பதினேழு பேர் தாமிரபரணியில் செத்தார்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. மேலப்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரம். ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்று ஆவணப்படமாக எடுத்தார். அடிபட்டவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் தங்கள் வாயால், தங்கள் பேச்சில் சொல்கிற படம். யாரும் வசனம் எழுதித் தரவில்லை, யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. என் கணக்கில் நெல்லைச் சீமைக்குப் பேசும் படம் வந்தது அப்போதுதான்.

2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. பரியனின் அப்பாவாக வந்தவர் நெல்லை தங்கராஜ், தெருக்களில் பெண்வேசம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். 2023இல் காலமானார். அவரைத் தெருவில் ஓடவிட்டு அவமானப்படுத்துகிற காட்சியில் தியேட்டரே வாயடைத்துப் போயிருந்தது. எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. 1931இல் கொட்டகைக்கு வெளியே நிறுத்திய கொட்டுக்காரர்களின் கூட்டத்திலிருந்து ஒருத்தரை உள்ளே கூப்பிட சினிமாவுக்கு எண்பத்தேழு வருசம் ஆகியிருக்கிறது.

ஒரு நடிகரால், ஒரு படத்தால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. முதல் பேசும் படம் எது என்று யாராவது கேட்டால் 1931 என்று சொல்லிக்கொள்ளட்டும், பரீட்சையில் மார்க் கிடைக்கும். நமக்கு வேலை வேறு. வண்டிக்கு முன்னால் கொட்டு அடித்தவர்கள், தட்டி சுமந்தவர்கள், கொட்டகையில் மண் கூட்டியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இதை வாசிக்கிறவர்களில் இருப்பீர்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்தாமல். ரோசிக்கு நடந்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது.