பலூனுக்கு வெளியே ஒரு குரல்

ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்காக்களின் காதல் கதைகளில் வரும் பெண்சாயல் கொண்ட ஆண்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக வந்து நிற்கிறது. நிஜ ஆண்களைக் கண்டு மிரளும் பதின்வயதுப் பெண்களுக்கு, மீசையும் முரட்டுக் கையும் இல்லாத ஓர் ஆண் பொம்மை தேவைப்படுகிறது. அவனால் ஆபத்து இல்லை. அவனைக் காதலித்துப் பழகிவிட்டு நிஜ உலகத்துக்கு வந்துவிடலாம். இதுதான் அந்த விளக்கத்தின் சாரம். உளவியல் வாசனை அடிப்பதால் கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். ஆனால் இதைச் சொல்பவர்கள் அட்டைப் படங்களைத் தாண்டி உள்ளே போனதில்லை என்றே நினைக்கிறேன். உள்ளே போயிருந்தால், அந்த ஆண்கள் சாவுக்கும் வன்முறைக்கும் குற்றவுணர்ச்சிக்கும் நடுவே நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அவர்களை நம்பி ஒரு பெண் காதல் பழக முடியாது.

பிஷோனென் என்று இந்த வகைக்குப் பெயர். ‘பி’ என்றால் அழகு, ‘ஷோனென்’ என்றால் சிறுவன். தமிழில் அழகன் என்றால் முருகன் வந்துவிடுகிறான். பெண்மை கலந்தவன் என்றால் கேலி வந்துவிடுகிறது. எனவே பிஷோனென் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விளக்கம் மரபைக் காட்டும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தொரிகாயெபாயா மொனோகதாரி’யில் உடன்பிறந்த இருவரில் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வளர்ந்து, பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். 1814 முதல் 1842 வரை நாவலாசிரியர் பாகின் எழுதிய ‘ஹாக்கென்தென்’னில் வீரன் ஷினோ பெண்ணுடையில் வளர்க்கப்பட்டவன். கபுகி நாடகத்தில் பெண்வேடத்தை ஆண்களே கட்டினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றைச் செய்தவர்கள் ஆண்கள், அல்லது அரண்மனை வட்டத்தினர். பள்ளி மாணவியைத் தன் வாசகியாக நேரே பார்த்துப் பேசும் எழுத்து 20ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. எழுத்தாளர் நோபுகோ யோஷியா 1916இல் ‘ஹானா மொனோகதாரி’ கதைகளைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1913இல், இச்சிஸோ கொபாயாஷி என்ற ரயில்வே முதலாளி தகராசுகா ஊரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் குழுவை அமைத்திருந்தார். அங்கே ஆண்வேடம் கட்டும் பெண்தான் உச்ச நட்சத்திரம். பெண்கள் கற்பனை செய்த ஆணை ஒரு பெண் நடித்துக் காட்ட, பெண்களே பார்த்தார்கள். அந்த ஊரில் வளர்ந்த மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 1953இல் ‘ஷோஜோ கிளப்’ பத்திரிகையில் ‘ரிபோன் நோ கிஷி’யைத் தொடங்கினார். ஆண் இதயம், பெண் இதயம் இரண்டும் கொண்டு பிறந்து, இளவரசனாக வளர்க்கப்படும் இளவரசி சஃபையரின் கதை அது. வழி திறந்தது. ஆனால் தெசுகாவின் சஃபையர் வாள் வீசுகிறாள், ஓடுகிறாள், மாட்டிக்கொள்கிறாள். அவள் மனதுக்குள் நம்மை உட்காரவைக்க அவர் மெனக்கெடவில்லை.

அந்த நாளில் சிறுமிகளுக்கான மங்காவையும் பெரும்பாலும் ஆண்களே வரைந்தார்கள். விதிவிலக்குகளில் ஒருவர் ஹிதேகோ மிசுனோ. தெசுகாவின் சீடர்கள் தங்கிய டோக்கிவா-சோ விடுதியில் இருந்த ஒரே பெண் ஓவியர் அவர். 1969இல் ‘ஃபயர்!’ தொடரில் ஆரன் என்ற அமெரிக்க ராக் பாடகனை நாயகனாக்கினார். பெண்களுக்கான பத்திரிகையில் ஓர் ஆணே மையம் என்பது அன்று துணிச்சல். அவன் எரிந்து, சிதைந்து, மனநல மருத்துவமனையில் முடிகிறான். மிசுனோவைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. அடுத்த தலைமுறை அவர் தோளில் ஏறித்தான் நின்றது.

அந்தத் தலைமுறைக்கு ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்று பெயர். ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஷோவா 24, அதாவது 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா, யுமிகோ ஓஷிமா, ரியோகோ யமகிஷி. 1970 முதல் 1973 வரை ஹாகியோவும் தகேமியாவும் டோக்கியோவின் ஓய்சுமியில் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து குடியிருந்தார்கள். எதிரே குடியிருந்த நோரியே மசுயாமா அவர்களுக்கு ஐரோப்பிய நாவல்களையும் சினிமாவையும் இசையையும் அள்ளிக் கொடுத்தார். விடுதிப் பள்ளிச் சிறுவர்களின் நேசத்தைச் சொன்ன பிரெஞ்சுப் படம் ஒன்று ஹாகியோவை உலுக்கியது. 1971இல் ‘நவம்பர் ஜிம்னேசியம்’ வந்தது. அதே கதையை அவர் முதலில் பெண்கள் பள்ளியில் நடப்பதாகவும் வரைந்து பார்த்தார், திருப்தி வரவில்லை, சிறுவர்களாக மாற்றியதும் கை ஓடியது.

எனக்கு இந்தச் செய்தி எல்லாக் கோட்பாட்டு நூல்களையும்விடப் பெரிது. பெண் பாத்திரம் வாயைத் திறந்த கணமே அவள் ஒரு மகள், ஓர் அக்கா, நாளைய மனைவி. அவள் கோபப்பட்டால் ஏன் என்று கேட்க ஒரு வீடே காத்திருக்கிறது. எழுதுபவளுக்கும் அது தெரியும், படிப்பவளுக்கும் தெரியும். அதே கோபத்தை ஒரு சிறுவனுக்குக் கொடுத்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கோபம் அவளுடையது. எனவே அவன் முகம் அவள் முகத்தைப் போலவே இருந்தாக வேண்டும். நீண்ட இமையும் மெல்லிய கழுத்தும் வந்த வழி இதுதான். கவர்ச்சிக்காகப் பூசிய சாயம் என்று அதைப் பார்ப்பவர்களுக்கு மீதிப் பக்கம் முழுதும் புரியாமல் போகும்.

1974 மே முதல் டிசம்பர் வரை வந்த ‘தோமஸின் இதயம்’ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பனி உருகும் காலம். தோமஸ் என்ற பையன் பாலத்திலிருந்து விழுந்து இறக்கிறான். அவன் நேசித்த யூலிக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. சில நாளில் தோமஸின் முகத்தோடே எரிக் என்ற புதிய மாணவன் பள்ளிக்கு வருகிறான். யூலி ஒழுங்கானவன், படிப்பில் முதலிடம், யாரையும் நெருங்கவிடாதவன். மூத்த மாணவன் ஒருவன் அவனை வதைத்த கதையும், சிகரெட்டால் சுட்ட தழும்பும் வெகு தாமதமாகத்தான் நமக்குத் தெரியவருகின்றன.

இப்போது பக்கத்தைப் பாருங்கள். யூலி பேசுவது பேச்சுப் பலூனுக்குள் இருக்கிறது: சுருக்கமாக, மரியாதையாக, பொய்யாக. அவன் நினைப்பது பலூனுக்கு வெளியே இருக்கிறது. கட்டத்தின் கோடுகள் கரைந்துபோன இடத்தில், கிளைகளுக்கும் நிழலுக்கும் நடுவே, துண்டு துண்டான வரிகளாக மிதக்கிறது. எந்தக் கட்டத்துக்கும் அது சொந்தமில்லை. கண் மேலிருந்து கீழே சரியும் வேகத்திலேயே அவன் மனம் நமக்குள் இறங்கிவிடுகிறது. சிறுவர்களுக்கான மங்காவில் ஆண் தன் மனதைக் கத்தியோ அடித்தோ காட்டுவான். இங்கே அவன் வாய் மூடியிருக்க, பக்கமே பேசுகிறது. பிஷோனெனின் ஈர்ப்பு இந்தக் குரலில் இருக்கிறது என்பதுதான் என் வாதம். ஓர் ஆணை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அந்த வாசகிகளுக்கு வேறெங்கே கிடைத்தது? வீட்டில் அப்பா பேசமாட்டார். சினிமாவில் நாயகன் பேசமாட்டான்.

இந்தத் தொடர் முதலில் வாசகர் வாக்கெடுப்பில் கடைசியில் நின்றது. நிறுத்திவிடலாம் என்றார்கள் ஆசிரியர்கள். அதே நேரத்தில் ஹாகியோவின் ‘போ குடும்பம்’ புத்தகமாக வந்து, முதல் பதிப்பின் 30,000 பிரதிகள் மூன்றே நாளில் தீர்ந்தன. அதனால்தான் யூலி பிழைத்தான்.

தகேமியா இன்னும் கரடுமுரடானவர். ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ தொடருக்கு அனுமதி வாங்க ஆண்டுக்கணக்கில் போராடி, 1976இல் தொடங்கினார். முதல் பக்கங்களிலேயே இரண்டு மாணவர்கள் படுக்கையில். அவர்களில் ஒருவனான கில்பெர்ட்டின் அழகு அவனுக்குச் சாபம். பெரியவர்கள் அவனைக் கசக்கியிருக்கிறார்கள். தன் உடலை மற்றவர்கள் உரிமை கொண்டாடுவதன் வலியை 15 வயது வாசகிக்கு அவன் உடலை வைத்துச் சொன்னார் தகேமியா. பொம்மை என்பவர்கள் கில்பெர்ட்டின் முடிவுவரை படித்துவிட்டு வந்து பேசட்டும்.

ரியோகோ இகேடாவின் ‘வெர்சாய் ரோஜா’வை (1972–73) இங்கே வேகமாகக் கடக்கிறேன். ஆஸ்கார் ஆண் உடையில் வளர்ந்த பெண், புகழ் பெரிது, 1974இல் தகராசுகா மேடையும் ஏறினாள். இயக்குநர் விஸ்கோந்தியின் ‘வெனிஸில் மரணம்’ படத்துச் சிறுவன் பியோர்ன் ஆந்திரேசனின் முகம் அவளுக்கு மாதிரி. ஆனால் ஆணாக வாழ்வதா பெண்ணாக வாழ்வதா என்ற ஆஸ்காரின் கேள்விக்கு வரலாறு விடை சொல்லிவிடுகிறது. 1975இல் ஹாகியோ வரைந்த ‘அவர்கள் பதினொரு பேர்’ கதையில் வரும் ஃப்ரோலின் கேள்வி அதைவிடக் கூர்மை. ஃப்ரோலின் இனத்தில் வளர்ந்த பிறகே ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகும். ஃப்ரோலுக்கு ஆணாக வேண்டும். அங்கே பெண்ணின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்ததால். கடைசியில் காதலுக்காகப் பெண்ணாகச் சம்மதிக்கும் இடத்தில் ஹாகியோ கை நழுவவிட்டார் என்பது என் ஆற்றாமை.

இவர்களுக்கெல்லாம் மேலாக நான் நேசிப்பது யுமிகோ ஓஷிமாவை. மற்றவர்கள் ஐரோப்பிய விடுதிகளைத் தேடியபோது ஓஷிமா பக்கத்து வீட்டுக்கு வந்தார். 1977இல் தொடங்கிய ‘பனானா பிரெட் புட்டிங்’கில் ஈரா என்ற பெண், ஆண்களை நேசித்து அதை ஊருக்கு மறைத்து வாழும் ஓர் ஆணையே கணவனாக வேண்டுகிறாள். அவனுக்கு ஒரு திரையாக இருந்து உதவ நினைக்கிறாள். கிறுக்கு என்று தோன்றும் இந்த ஆசையை ஓஷிமா ஓர் இடத்திலும் சிரித்து ஒதுக்குவதில்லை. 1978இல் ‘பஞ்சு நாட்டு நட்சத்திரம்’. தேர்வில் தோற்று, மனம் சோர்ந்த தொகியோ என்ற இளைஞன் கைவிடப்பட்ட பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வருகிறான். அவன் அம்மாவுக்குப் பூனை ஆகாது. இருந்தாலும் மகனுக்காகப் பொறுத்துக்கொள்கிறாள். நமக்கு மட்டும் அந்தக் குட்டி பூனைக்காது வைத்த சிறுமியாகத் தெரிகிறது. வளர்ந்தால் மனுஷியாகிவிடுவோம் என்று நம்பி அவனைக் காதலிக்கிறது. தொகியோவிடம் ரோஜாப்பூ இல்லை, பரம்பரைப் பட்டமில்லை. தோற்றுப்போன ஒரு பையனின் மென்மை மட்டும் இருக்கிறது. பிஷோனென் மரபு போயிருக்க வேண்டிய திசை இது.

விமர்சகர்கள் சும்மா இருக்கவில்லை. சமூகவியலாளர் சிசுகோ உவேனோ இந்தச் சிறுவர்களை ஆணுமல்லாத, பெண்ணுமல்லாத மூன்றாம் பால் என்றார். பயனுள்ள கருத்துதான், ஆனால் அதில் தழும்புகள் தெரிவதில்லை. 1992இல் தற்பாலின ஈர்ப்பாளரான மசாகி சாதோ கேட்ட கேள்வி அதைவிடக் கடினமானது: எங்கள் வாழ்க்கையை உங்கள் முகமூடியாக்க யார் உரிமை கொடுத்தது? அந்த விவாதம் சில ஆண்டுகள் நீண்டது. அவர் கோபம் நியாயம். முகமூடி அணிந்தவள், அதன் கீழே நசுங்கும் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஓஷிமா அதை முன்பே பார்த்திருந்தார். ஈரா மறைந்து வாழும் ஆணின் வலியிலிருந்துதானே தன் காதலைத் தொடங்குகிறாள்.

பிறகு வந்தது சரக்கின் காலம். 1994இல் ‘ஆஞ்ஜெலிக்’ என்ற வீடியோ கேம் பெண்களுக்கு ஒன்பது ஆண்களைத் தட்டில் வைத்து நீட்டியது: கண்டிப்பானவன், விளையாட்டுப் பிள்ளை, பெண்மை மிகுந்தவன் என்று. மங்காவும் அதே தட்டை வாங்கிக்கொண்டது. முகம் பிழைத்தது, குரல் போனது. பேரழகன் ஒருவன் ஜன்னலோரம் நிற்பான், காற்றில் முடி பறக்கும். அவன் என்ன நினைக்கிறான் என்று வரைந்தவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட தொடர்களை நான் எண்ணிக்கையில்லாமல் படித்துச் சலித்திருக்கிறேன். தொடக்கத்தில் பார்த்த விளக்கம் சொல்லும் பொம்மை இங்கேதான் இருக்கிறது. அந்த விளக்கத்தைச் சொல்பவர்கள் இந்தக் கடைசிக் காலகட்டத்தைப் பார்த்துவிட்டு முழு மரபுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். பிஸ்கோ ஹாத்தோரியின் ‘ஓரான்’ மங்கா (2002–10) அந்தத் தட்டை மேசையில் வைத்து ஒவ்வொரு கிண்ணத்தையும் திறந்து காட்டியது. அந்த நேர்மைக்காக அதை மதிக்கிறேன். நத்சுகி தகாயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ (1998–2006) இன்னும் ஆழம். பள்ளியே யூகி என்ற மாணவனை இளவரசன் என்று கொண்டாடுகிறது. அவனுக்கு ரசிகைகள் சங்கமே உண்டு. அவனோ அந்த முகத்துக்குள் மூச்சுத் திணறுகிறான். நாயகி தோஹ்ருவிடம் தான் தேடியது காதலியை அல்ல, தாயை என்று அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் அத்தியாயத்தில் பலூனுக்கு வெளியே மிதக்கும் அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது.

அந்தக் குரலுக்கு அழகான முகம் கட்டாயமா? 2011இல் கசுனே கவாஹாரா எழுத, அருகோ வரைந்த ‘ஓரே மொனோகதாரி’ தொடங்கியது. நாயகன் தகேயோ மலைபோல் உடம்பு, தடித்த உதடு, கரடுமுரடான முகம். பக்கத்திலேயே சுனகாவா என்ற பேரழகன் நண்பனாக நிற்கிறான். பழைய கணக்குப்படி கதை சுனகாவாவுடையது. ஆனால் பக்கம் முழுக்க ஓடும் மனம் தகேயோவுடையது: பெண்ணொருத்தி சிரித்தால் நெஞ்சு படபடக்கும், தனக்குத் தகுதி உண்டா என்று தவிக்கும், சின்ன அன்புக்கும் கண் கலங்கும். ஹாகியோ யூலிக்குக் கொடுத்ததை இவர்கள் இந்த மலைக்குக் கொடுத்தார்கள். வாசகிகள் அவனைக் கொண்டாடினார்கள்.

முகத்தை வைத்து இந்த மரபை எழுதும் வரலாறுகளில் தகேயோவுக்கு இடமிருக்காது. என் கணக்கில் யூலிக்கும் தொகியோவுக்கும் பிறகு வரும் பெயர் அவனுடையதுதான். பிஷோனென் கதைகளைப் படிக்கத் தொடங்கும் வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் வாசிப்பில் முகங்களை விட்டுவிடுங்கள், பலூனுக்கு வெளியே இருக்கும் வரிகளை மட்டும் படித்துக்கொண்டே போங்கள்.