திறன்பேசித் தெரிவும் திறனாய்வும்: தெமோதரையிலிருந்து ஒரு நோக்கு

திறனாய்வு என்றதும் கவிதை, புனைகதை, நாடகம் என்பன பற்றிய மதிப்பீடே நம்முட் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருகின்றது. ஆயின் இன்றைய தமிழ் இளைஞர் ஒருவர் ஒரு வாரத்திற் கேட்கின்ற மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்ப்போமாயின், அவற்றுட் கூடுதலானவை திறன்பேசிகளைப் பற்றியனவாகவே இருக்கக் காண்போம். யூடியூப்பில் ஒரு புதிய கருவியின் பெட்டியைத் திறந்து, அதன் கமராவையும் திரையையும் மின்கலத்தையும் ஆராய்ந்து, ஈற்றில் தீர்ப்பு வழங்கும் இம்மதிப்புரைகள் தமக்கென ஒரு வடிவத்தையும் மரபையும் வளர்த்துக்கொண்டுள்ளன. இலக்கியத் திறனாய்வாளனிடம் நாம் வழமையாகக் கேட்கும் வினாக்களை இவற்றின் ஆசிரியர்களிடமும் கேட்கலாம். யாருக்காக இம்மதிப்பீடு செய்யப்படுகின்றது? அளவுகோல் யாது? அவ்வளவுகோல் எங்கிருந்து பெறப்பட்டது? பதுளை மாவட்டத்துத் தெமோதரையை அண்டிய தோட்டங்களின் வாழ்நிலையை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மதிப்புரைகளின் நடுநாயகமான பொருள் ஒரு போட்டி ஆகும். ஒருபுறம் அப்பிள் நிறுவனத்தின் ஐபோனும் அதன் ஐஓஎஸ் இயங்குதளமும். மறுபுறம் கூகிளின் அன்ட்ரொயிட் இயங்குதளமும் அதனை ஏற்ற சம்சுங், ஷாவுமி முதலான நிறுவனங்களின் கருவிகளும். இரண்டில் எது சிறந்தது என்ற வாதம் பல வேளைகளில் இரு கட்சியாரின் பட்டிமன்றம் போலவே நடைபெறுகின்றது. விலைகொடுத்து வாங்குபவர் இரண்டையும் எடைபோட்டுச் சுதந்திரமாகத் தீர்மானிக்கின்றார் என்பதே இவ்வாதத்தின் அடியில் உள்ள எடுகோள். இந்த எடுகோளே முதலில் ஆராயப்படவேண்டியது.

இரண்டு தளங்கள் மட்டும் எஞ்சியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐபோன் 2007 இல் வெளிவந்தது. அன்ட்ரொயிட்டை ஏற்ற முதற் கருவி 2008 இல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் நொக்கியாவின் சிம்பியனும் பிளக்பெரியும் வலிமையுடன் விளங்கின. 2010 இல் மைக்ரோசொப்ட் தனது விண்டோஸ் போன் தளத்தை அறிமுகஞ் செய்தது. அடுத்த ஆண்டிலேயே நொக்கியா அதனுடன் கைகோத்தது. அக்கருவிகளின் அமைப்பைப் பலர் பாராட்டினர். எனினும் மக்களுக்கு வேண்டிய செயலிகளை ஆக்குவோர் அத்தளத்தை நாடவில்லை. செயலிகள் இல்லாமையால் மக்களும் நாடவில்லை. 2019 டிசெம்பர் இறுதியுடன் வட்ஸ்அப்பும் அதனைக் கைவிட்டது. பிளக்பெரியின் பழைய தளத்திற்கான சேவைகள் 2022 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. நல்ல கருவியை வாங்கியோரும் நட்டமடைந்தனர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். கருவியின் குணங்களை மட்டும் பட்டியலிடும் மதிப்புரை இதனை ஒருபோதும் முன்னறிவித்திராது.

இதனை விளக்கத் தெமோதரையிலே தக்கதோர் உவமை உண்டு. ஓடிவந்த பாதையே வளைந்து சென்று, தான் கடந்த நிலையத்தின் கீழ்ச் சுரங்கவழியாகப் புகும் விந்தையைக் காண இன்று உல்லாசப் பிரயாணிகள் அங்கு வருகின்றனர். அப்பாதை 1924 இல் பதுளையை எட்டியது. அது ஐந்தரை அடி அகலப் பாதை. அதேவேளை நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக ராகலைக்குச் சென்ற கிளைப்பாதையோ இரண்டரை அடி அகலமே உடையது. ஒன்றில் ஓடிய பெட்டி மற்றதில் ஓடாது. பிரதான பாதை இன்றும் இயங்குகின்றது. ராகலைப் பாதை கைவிடப்பட்டுப் பல தசாப்தங்களாகிவிட்டன. பெட்டியின் இருக்கை மெத்தென்று இருந்ததா என்பது அதன் விதியைத் தீர்மானிக்கவில்லை. தண்டவாளத்தின் அகலமும் அதனை இட்டோரின் கணக்குமே தீர்மானித்தன. திறன்பேசியிற் கருவி பெட்டியை ஒத்தது. இயங்குதளம் தண்டவாளத்தை ஒத்தது. நம் மதிப்புரைகள் பெட்டியின் மெத்தையை நுணுகி ஆராய்ந்து, தண்டவாளத்தை மறந்துவிடுகின்றன.

இனி விலையை நோக்குவோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே செப்டெம்பரிலேதான் அப்பிள் நிறுவனம் ஐபோன் 16 ஐ அமெரிக்காவில் 799 டொலர் விலையில் வெளியிட்டது. டொலரொன்று ஏறத்தாழ 300 ரூபாவாக இருந்த அவ்வேளையில், வரியும் வியாபாரியின் இலாபமும் சேராமலே அதன் பெறுமதி 2,40,000 ரூபாவை அண்மித்தது. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் 'பேர்' என்பர். இத்தொகை 178 நாட்பேருக்குச் சமம். மாதம் இருபத்தைந்து நாள் வேலை கிடைப்பினும், ஏழு மாதங்களுக்கு மேலாக உண்ணாமலும் உடுக்காமலும் சேமித்தாலன்றி ஒருவர் அதனை வாங்குதல் இயலாது. ஆகவே மதிப்புரையாளர் 'எதைத் தெரிவு செய்வீர்கள்?' என்று வினவும்பொழுது, லயத்தில் இருந்து கேட்பவருக்கு அவ்வினா பிரட்டுக்களத்திலேயே விடையிறுக்கப்பட்டுவிட்டது. அவருக்குரிய உண்மையான தெரிவு வேறு: பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு இவ்வாண்டு மாறுவதா, அடுத்த சீட்டுக் கிடைக்கும்வரை பொறுப்பதா, புதிய மலிவான அன்ட்ரொயிட்டா, பிறர் பாவித்துக் கழித்த நல்ல கருவியா, கொழும்பில் வேலைபார்க்கும் மகன் அனுப்பியதைத் திருத்திப் பாவிப்பதா என்பனவே அவர்முன் உள்ள வினாக்கள்.

இவ்வினாக்கள் அற்பமானவை அல்ல. 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த மாதங்களில் பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவுமே வந்தன. ஒரு கருவியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட குடும்பங்களும், அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்த மாணவர்களும் மலையகத்தில் இருந்தனர். 2022 யூலையில் எரிபொருளுக்கான கியூஆர் முறை நடைமுறைக்கு வந்தபோது, முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞனும் கைத்தொலைபேசியுடனேயே வரிசையில் நின்றான். கல்வியும் பிழைப்பும் உறவும் ஒரு சிறு கருவியினுள் ஒடுங்கியிருக்கும் காலத்தில், அதனைத் தெரிவுசெய்தல் ஒரு குடும்பத்தின் பெரிய தீர்மானங்களுள் ஒன்றாகின்றது. அத்தீர்மானத்திற்குத் துணைபுரியாத திறனாய்வு, தன் பணியின் பெரும்பகுதியைச் செய்யாமலே விடுகின்றது எனலாம்.

அடுத்து, மொழி. தமிழில் நிகழ்த்தப்படும் இம்மதிப்புரைகளுட் பல தமிழைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது வியப்பிற்குரியது. கருவியில் தமிழ் எவ்வாறு தெரிகின்றது, எவ்வாறு எழுதப்படுகின்றது, பட்டியல்களும் எச்சரிக்கைகளும் தமிழில் வருமா என்பன இவர்தம் அளவுகோலில் இடம்பெறுவதில்லை. ஆயின் இரு தளங்களின் இயல்பு வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும் இடமே இதுதான். மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 இலேயே கைத்தொலைபேசியில் தமிழ் எழுத வழிசெய்தது. பின்னர் வந்த அன்ட்ரொயிட் தளம், வெளியார் ஆக்கும் விசைப்பலகைகளை 2009 முதல் அனுமதித்தது. ஆயினும் அதன் தொடக்ககாலக் கருவிகள் பலவற்றில் தமிழ் வெறும் பெட்டிகளாகத் தெரிந்தது. ஐபோனிலோ நிலைமை மறுதலையானது. தமிழை ஒழுங்காக வாசிக்க முடிந்த காலத்திலும், கருவியோடு வரும் தமிழ் விசைப்பலகைக்கு 2013 இல் வெளிவந்த ஐஓஎஸ் 7 வரையும், வெளியார் ஆக்கும் விசைப்பலகைகளுக்கு 2014 வரையும் காத்திருக்க நேர்ந்தது. திறந்த தளத்தில் வழி இருந்தது, எழுத்து இல்லை. மூடிய தளத்தில் எழுத்து இருந்தது, வழி இல்லை.

கருவியின் இடைமுகம் முழுவதையும் தமிழில் அமைக்கும் வசதி அன்ட்ரொயிட்டின் 5 ஆம் பதிப்புடன் 2014 இல் வந்தது. அப்பதிப்பிலேயே சிங்களமும் இடம்பெற்றது. ஐபோனில் அவ்வசதி தமிழுக்கு 2025 இல், ஐஓஎஸ் 18.4 உடனேயே கிடைத்தது. ஆங்கிலம் அறிந்த பல்கலைக்கழக மாணவருக்கு இப்பதினொரு ஆண்டு இடைவெளி பெரிதாகத் தோன்றாது. தமிழ் மட்டும் வாசிக்கும் ஒரு தாய்க்கோ, தன் கருவியில் தோன்றும் எச்சரிக்கையைத் தானே வாசித்தறிவதா, மகளைக் கூப்பிட்டுக் கேட்பதா என்பதைத் தீர்மானிப்பது இதுவே. கமராவின் புள்ளிக் கணக்கை ஒப்பிடுவோர் இதனையும் ஒப்பிட்டிருக்கவேண்டும்.

மூன்றாவது அளவுகோல் ஆயுள். ஆண்டுதோறும் கருவி மாற்றுவோரே இம்மதிப்புரைகளின் கற்பனை வாசகர் ஆவர். தோட்டத்திலோ ஒரு கருவி தந்தையிடமிருந்து மகனுக்கும், அவனிடமிருந்து தங்கைக்கும் கைமாறுகின்றது. இந்நிலையில் நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு இற்றைப்பாடுகளை வழங்கும் என்பதே தலையாய கேள்வி. 2018 இல் வெளியான ஐபோன் எக்ஸ்ஆர் 2024 இன் ஐஓஎஸ் 18 ஐயும் பெற்றது. கூகிள் 2023 இன் பிக்சல் 8 இற்கும், சம்சுங் 2024 இன் எஸ்24 இற்கும் ஏழாண்டு இற்றைப்பாடுகளை உறுதியளித்தன. எனினும் இவ்வுறுதி விலையுயர்ந்த வரிசைகளுக்கு உரியது. மலிவான அன்ட்ரொயிட் கருவிகள் பலவற்றுக்கு அத்தகைய நீண்ட வாழ்வு இல்லை. பழைய பதிப்புகளை வட்ஸ்அப் காலத்திற்குக் காலம் கைவிடுகின்றது: 2023 ஒக்டோபருடன் அன்ட்ரொயிட் 5 இற்கு முற்பட்டவையும், 2025 மே மாதத்துடன் ஐஓஎஸ் 15.1 இற்கு முற்பட்டவையும் விலக்கப்பட்டன. கருவி உடையாமலே அதன் பயன் முடிந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் நம் பல்கலைக்கழகச் சூழலில் நிலவும் ஓர் எளிய வாய்பாட்டையும் மறுத்துரைத்தல் வேண்டும். ஐபோன் ஆடம்பரத்தின் சின்னம். அன்ட்ரொயிட் பாமரரின் கருவி. ஆகவே ஐபோனை விரும்பும் தோட்டத்து இளைஞன் மாயையில் வீழ்ந்தவன் என்பதே அவ்வாய்பாடு. மேலே கண்ட ஆயுட்கணக்கே இதனைத் தகர்த்துவிடுகின்றது. நல்ல நிலையில் உள்ள, இன்னும் சில ஆண்டுகள் இற்றைப்பாடு பெறக்கூடிய பழைய ஐபோன் ஒன்று, புதிதாக வாங்கிய மிக மலிவான அன்ட்ரொயிட்டிலும் கூடிய காலம் பயன்படக்கூடும். ஆசை என்று நாம் இகழ்வதினுள் ஒரு கணக்கும் இருக்கலாம். அன்றியும், நகரத்துக் கடையிலும் வேலைத்தலத்திலும் ஊர்ப்பெயர் சொன்னவுடன் தரம்பிரிக்கப்படும் ஓர் இளைஞன், கையிலுள்ள கருவியால் அத்தரத்தை மறைக்க விழைவானாயின், முதலிற் கேள்விக்குள்ளாக்கப்படவேண்டியது தரம்பிரிக்கும் சமூகமேயன்றி அவனது விருப்பமன்று. எனினும் அவ்விருப்பம் வட்டிக்கடனாக மாறும்பொழுது அதன் சுமையைத் தூக்குவது தாயின் கொழுந்துக்கூடையே என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

தெரிவின் எல்லைகள் வாங்குபவரின் கைக்கு அப்பாலும் வகுக்கப்படுகின்றன. 2019 மே மாதம் ஐக்கிய அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையால், ஹுவாவியின் அடுத்துவந்த கருவிகள் கூகிள் சேவைகளை இழந்தன. அந்நிறுவனம் தனக்கென வேறோர் இயங்குதளத்தை அமைக்க நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் காரணமாக ஐபோன் 2023 இல் தன் தனித்த மின்னேற்றுத் துளையைக் கைவிட்டு யூஎஸ்பி-சி முறைக்கு மாறியது. அவ்வொன்றியத்தில் 2025 யூன் முதல், விற்பனை முடிந்த பின்னரும் ஐந்தாண்டு இற்றைப்பாடும் ஏழாண்டு உதிரிப்பாகங்களும் சட்டத்தால் வேண்டப்படுகின்றன. பல்லாண்டுகளாக நடந்த 'எது சிறந்தது' என்ற பட்டிமன்றம் சாதிக்காததை, பொதுநலனை முன்னிறுத்திய ஒரு கோரிக்கை சாதித்துள்ளது. தனிமனிதத் தெரிவு என்ற வட்டத்தினுள் நின்றுகொண்டே பேசும் மதிப்புரைக்கு இவ்வுண்மை எட்டுவதில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, நமது திறன்பேசி மதிப்புரைகளின் குறை அவை தவறான தீர்ப்புகளை வழங்குவதன்று. தமது வாசகர் யாரென அறியாமலே தீர்ப்பு வழங்குவதாகும். தமிழிற் பேசும் மதிப்புரையாளர் நான்கு வினாக்களையேனும் தம் அளவுகோலிற் சேர்த்தல் வேண்டும். இக்கருவி எத்தனை நாட் கூலிக்குச் சமம்? எத்தனை ஆண்டு பாதுகாப்புடன் இயங்கும்? தமிழ் மட்டும் அறிந்தவர் பிறர் துணையின்றி இதனைக் கையாள முடியுமா? பழுதுற்றால் பதுளை நகரிலேனும் நியாயமான செலவில் திருத்த இயலுமா? இவற்றுக்கு விடை கூறும் மதிப்புரை, ஐபோனை உயர்த்தினாலும் அன்ட்ரொயிட்டை உயர்த்தினாலும், அதனைக் கேட்பவர் பயனடைவார். இலக்கியத்தில் 'யாருக்காக?' என்று கேட்கப் பழகிய நாம், அக்கேள்வியை நம் சட்டைப்பையிலுள்ள கருவிக்கும் உரியதாக்கும் காலம் வந்துவிட்டது. அதனை முதலிற் கேட்கவேண்டியவர்கள், தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்துசேர்ந்துள்ள மாணவர்களாகிய நாமே.