ஜேஎஸ்லின்ட்: ஒரு மதிப்பீடு

ஜேஎஸ்லின்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்காமலேயே படித்து, வழு நேரக்கூடிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவி ஆகும். இதனை டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் 2002 ஆம் ஆண்டில் உருவாக்கினார். இவ்வகைக் கருவிகளின் முன்னோடி, பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக 1978 இல் எழுதிய லின்ட். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகள் என்பது அப்பெயரின் பொருள்.

இதன் எச்சரிக்கைகளில் சிறந்தவை மொழியின் உண்மையான குழிகளைக் காட்டுகின்றன. நிரலர் விட்ட அரைப்புள்ளியை ஜாவாஸ்கிரிப்ட் தானே இட்டுக்கொள்ளும். உதவி போலத் தோன்றும் இவ்வியல்பு சில இடங்களில் பொருளையே மாற்றிவிடும். ரிட்டர்ன் என்ற சொல்லை ஒரு வரியிலும், திருப்பித் தரவேண்டிய எண்ணை அடுத்த வரியிலும் எழுதினால், முதல் வரியோடு கூற்று முடிந்துவிடும். எண் திரும்பாது, பிழைச்செய்தியும் வராது. == குறியும் இத்தகையதே. அதன்படி வெற்றுச் சரம் 0க்குச் சமம், 0 என்ற எண் "0" என்ற சரத்துக்குச் சமம், ஆனால் வெற்றுச் சரமும் "0" உம் சமமல்ல. எனவே === குறியையே எழுதுமாறு கருவி கூறுவது நியாயமானது.

குறை வேறிடத்தில் உள்ளது. ++ குறிக்கும் இடைவெளி விடும் முறைக்கும் கூட இக்கருவி அதே குரலில் எச்சரித்தது. ++ சுருக்கித் திணிக்கும் எழுத்துநடையைத் தூண்டும் என்பது க்ராக்ஃபோர்டின் வாதம். அது ஒருவரின் ரசனை; வழு அன்று. நூறு எச்சரிக்கைகளைக் காணும் மாணவர் அவற்றுள் ஆபத்தான ஒன்றை எவ்வாறு பிரித்தறிவார்? (மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அன்று என அதன் உரிமத்திலும் அவர் நிபந்தனை வைத்தார். அத்தகைய உரிமத்தைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கட்டற்றதாக ஏற்கவில்லை.)

இக்கண்டிப்பை ஏற்காதவர்கள் 2011 இல் ஜேஎஸ்ஹின்ட் என்ற கிளையைத் தொடங்கினர். 2013 இல் நிக்கோலஸ் சகாஸ் வெளியிட்ட ஈஎஸ்லின்ட், ஒவ்வொரு விதியையும் தனித்தனியே அணைக்க வழிசெய்தது. இது முன்னேற்றமே. ஆயினும் ஒரு வரிக் குறிப்புரையால் எந்த எச்சரிக்கையையும் வாயடைத்துவிடலாம் என்ற வசதி, == விதியையும் ++ விதியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. க்ராக்ஃபோர்ட் தம் விதிகளுக்குக் காரணம் எழுதினார். 2008 இல் வந்த அவரது நூலும் அதையே செய்கிறது. விதியை அணைக்கும் பலர் அக்காரணத்தைப் படிப்பதில்லை.

இக்கருவிகள் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை மட்டுமே. செவ்வகத்தின் பரப்பளவுக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டி எழுதினால், மூன்றும் மௌனமாகவே இருக்கும்.