பிள்ளைப்பாக்கத்துச் சூரியனும் செக்யூரிட்டியும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ‘செக்யூரிட்டி’ என்றால் கம்பெனி கேட்டில் நிற்கும் ஆள். பையைத் திறந்து பார்ப்பவர். பெரும்பாலும் அவரும் காண்டிராக்ட்தான். வாஷிங்டனிலும் தில்லியிலும் இதே சொல்லுக்குத் தேசம், எல்லை, பகைவன் என்று வேறு அர்த்தங்கள். இந்த அர்த்தங்கள் எல்லாம் ஒரே ஆலைக்குள் சந்தித்துக்கொள்வதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் சூரியத் தகடு ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட். இதற்கு 50 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதிக் கழகம். 2018இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் பிறந்த கழகம் அது. உலகெங்கும் சீனா கொடுக்கும் கடனுக்கு எதிர்க்கடை. சிலிக்கான் தகடுச் சந்தை சீனாவின் கையில் இருக்க, இங்கே காட்மியம் டெலுரைடில் தகடு செய்கிறார்கள். ‘புத்தாக்கம்’ என்கிற சொல்லாடலுக்குள் ஒரு வல்லரசுச் சண்டை ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க உறுப்பினர்களின் விவாதத்தையே பாருங்கள். 2022 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியினர் தங்கள் வாக்குகளை மட்டுமே கொண்டு தூய ஆற்றலுக்கு வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் குடியரசுக் கட்சியினர் அவற்றில் பலவற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக மிஞ்சியது சீனப் பயம் ஒன்றுதான். பருவநிலை போயிற்று, பகைவன் நின்றான்.

தில்லிக்காரர்கள் மட்டும் என்ன? 2022 ஏப்ரலில் இறக்குமதித் தகடுகளுக்கு 40% சுங்கவரி போட்டார்கள். பேச்செல்லாம் தற்சார்பு. அந்தத் தற்சார்புக்கான உற்பத்தி ஊக்கத்தொகைப் பட்டியலில் நம் பிள்ளைப்பாக்கத்து அமெரிக்கக் கம்பெனியும் உண்டு!

சூரிய சக்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிலக்கரிச் சாம்பல் என்ன செய்யும்னு எண்ணூர்க்காரங்களைக் கேட்டால் தெரியும். சென்னையின் கழிவுநீரைச் சுத்திகரித்து இந்த ஆலை பயன்படுத்துவதும் நல்ல காரியமே. ஆனால் ‘தூய’ என்பது தமிழில் அப்பாவிச் சொல் அல்ல. துப்புரவுப் பணியாளர்களை 2020இல் ‘தூய்மைப் பணியாளர்’ ஆக்கினார்கள். தனியாருக்குத் தாரை வார்க்காதே என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்த அவர்களைப் போலீஸ் நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. பெயர் மாறியது, அவ்வளவுதான்.

மூன்றாவது அவை நம்முடையது. சூரியத் தகட்டுக்காகக் கொண்டுவரப்பட்டதல்ல என்றாலும், இந்த வட்டாரத்து உழைப்பாளியின் உடம்பு நேரடியாகப் பேசுபொருளானது அங்கேதான். 2023 ஏப்ரல் 21 அன்று, வேலைநாளை 12 மணிநேரம் வரை நீட்ட வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நெகிழ்வான வேலைநேரமாம், யாருக்கு நெகிழ்வு? கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார். வாஷிங்டன், தில்லி விவாதங்களில் இந்த உடம்பு எண்ணிக்கையாக மட்டுமே வருகிறது: இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு. அந்த வேலை எத்தனை மணிநேரம், காண்டிராக்டா நிரந்தரமா, சங்கம் வைக்கலாமா? தேசப் பாதுகாப்பு என்கிற பிரதியில் இவையெல்லாம் மௌனங்கள்.

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9இலிருந்து 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, சங்கத்துக்கு அங்கீகாரம். முதலீடு ஓடிப்போய்விடும், சீனாவுக்கு மாற்றாக வளரும் மாநிலத்தின் பேர் கெட்டுவிடும் என்று அப்போது புத்தி சொன்னவர்கள் பலர். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில், அதுவும் உயர்நீதிமன்றப் படியேறிய பிறகு.