கட்டளையும் உறவும்: ஆர்.என்.ஏ. பற்றிய தமிழ் எழுத்துமொழி குறித்துச் சில அவதானங்கள்

உயிரியல் தனது கலைச்சொற்களிற் பலவற்றை மொழித்துறையிலிருந்து கடன் பெற்றுள்ளமை இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கது. டி.என்.ஏ.யிலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படுகின்றது, அது புரதமாக மொழிபெயர்க்கப்படுகின்றது, பரம்பரையலகு வெளிப்பாடு பெறுகின்றது. பிரான்சிஸ் கிரிக் 1958இல் அச்சேற்றிய மையக் கோட்பாடு, தொடரொழுங்கு பற்றிய தகவல் எத்திசையிற் செல்லும் என்பதையே பேசிற்று. நம்மவரின் அறிவியற் கட்டுரைகளிலோ அது அரசவைக் காட்சியாக மாறிவிடுகின்றது. கருவினுள் மன்னன் வீற்றிருக்கின்றான். தூதுவன் ஓலை சுமக்கின்றான். இறைபோசோம்கள் கைகட்டி ஏவல் செய்கின்றன. இவ்வுருவகத்தையே ஈண்டு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

கலத்தினுள் தூது ஆர்.என்.ஏ. ஒருபோதும் தனித்துச் செல்வதில்லை. பிறக்கும்போதே புரதங்கள் அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. எப்பகுதி வெட்டப்படும், எப்பகுதி ஒட்டப்படும், கருவைவிட்டு எப்போது வெளியேறும், குழியவுருவில் எங்கு தங்கும், எவ்வளவு காலம் நிலைக்கும் என்பனவற்றை இப்புரதங்களின் சேர்க்கையும் பிரிவும் நிருணயிக்கின்றன. மனிதரில் இவ்வாறு ஆர்.என்.ஏ.யுடன் பிணையும் புரதங்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவை.

இரும்பின் கதை இவ்விடத்து விரிவாக நோக்கத்தக்கது. கலத்தில் இரும்பு குறையும்போது, இரும்பைச் சேமிக்கும் பெரிற்றின் என்ற புரதத்துக்குரிய தூது ஆர்.என்.ஏ.யின் முற்பகுதியில் ஓர் ஒழுங்காக்கற் புரதம் பிணைந்து மொழிபெயர்ப்பைத் தடுக்கின்றது. அதே புரதம், இரும்பை உள்ளே கொணரும் வாங்கிக்குரிய ஆர்.என்.ஏ.யின் பிற்பகுதியிற் பிணைந்து, அதனைச் சிதையாது காக்கின்றது. இரும்பு மிகும்போது இரு பிணைப்புகளும் நெகிழ, சேமிப்புப் பெருகுகின்றது, உள்வரவு குறைகின்றது. ஒரே புரதம் ஓரிடத்திற் பகையாகவும் பிறிதோரிடத்தில் துணையாகவும் தொழிற்படுகின்றது. அதன் குணம் அதனுள்ளே உறைந்து கிடக்கும் நிலையான பொருளன்று. அது பிணையும் இடத்தாலும் கலத்தின் பௌதிக நிலைமைகளாலும் அமைவது. இதனை அரசன்–தூதன் உருவகத்துள் அடக்குதல் இயலாது.

இதிலிருந்து இயங்கியலுக்கு இயற்கையே சான்றுரைத்துவிட்டது எனக் கூத்தாட வேண்டியதில்லை. 1948இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை உத்தியோகபூர்வமாக்கப்பட்டுப் பிறப்புரிமையியல் ஒடுக்கப்பட்ட வரலாற்றை மார்க்சியர் மறத்தல் ஆகாது. தத்துவம் ஆய்வுகூடத்துக்கு விடை எழுதிக்கொடுக்கக்கூடாது. ஆய்வுகூடத்து முடிபுகள் எம்மொழியில் மக்களை வந்தடைகின்றன என்று கேட்பதோ விமர்சகனின் கடமையேயாம்.

வைரசு பற்றிய எழுத்தில் இக்குறைபாடு மேலும் பாரதூரமானது. கொவிட்-19 நோயை உண்டாக்கும் வைரசின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ முப்பதாயிரம் அலகுகள் நீளமுடையது. அதனை உறையினுட் பொதிந்து வைப்பதும் ஆர்.என்.ஏ.யுடன் பிணையும் ஒரு புரதமே. கலத்துட் புகுந்தபின் வைரசின் பிறிதொரு புரதம் இறைபோசோமில் ஆர்.என்.ஏ. நுழையும் வாயிலை அடைத்து, கலத்தின் சொந்தத் தூதுகளைத் தடுக்கின்றது. வைரசின் தூதுகளோ தம் முனையிலுள்ள தனி அமைப்பினால் அத்தடையைத் தாண்டுகின்றன. ஆயினும் வைரசிடம் இறைபோசோம் இல்லை. உற்பத்திச் சாதனம் முழுவதும் கலத்துடையது. உயிர்க்கலத்துக்கு வெளியே வைரசு சிலகாலம் சிதையாதிருத்தல் கூடும், பெருகுதல் கூடாது.

இவ்வேறுபாடு கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிற் பாடநூற் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல் கொவிட்டால் இறந்தோரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பதே அதற்குச் சார்பாகப் பரவிய வாதம். மணற்பாங்கான கரையிற் கிணற்று நீரையே நம்பி வாழும் மக்களிடம் அவ்வச்சம் எளிதில் எடுபடக்கூடியது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் தகனத்தையும் ஒருங்கே அனுமதித்திருந்தது. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்று கொழும்பில் எரிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கம் செய்யலாம் என்றது. பெப்ரவரி இறுதியிலேயே விதி மாற்றப்பட்டது. மார்ச்சிலிருந்து அடக்கம் ஓட்டமாவடியில் நடைபெற்றது. அம்பாறைக் கரையோரத்து உறவினர் மட்டக்களப்பையும் கடந்து வடக்கே செல்லவேண்டியதாயிற்று. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இக்கொடுமைக்கு உருவகமே காரணம் என நாம் கூறவில்லை. பேரினவாத அரசியலே காரணம். ஆயினும் அவ்வரசியல் பற்றிக்கொள்வதற்கு ஒரு வாக்கிய அமைப்பு ஆயத்தமாக இருந்தது. 'வைரசு தாக்குகின்றது', 'வைரசு பரவுகின்றது', 'வைரசு ஒளிந்திருக்கின்றது' என்னும் தொடர்களில் எழுவாய் எப்போதும் வைரசே. கலமும் இறைபோசோமும் நெரிசலான வீடும் நாட்கூலிக்கு வெளியே போயாகவேண்டிய உழைப்பாளியும் எழுவாய் ஆவதில்லை. மண்ணுக்குள்ளும் தானே நடந்துசென்று கிணற்றை அடையவல்ல ஒரு கருத்தா இவ்விலக்கணத்தில் எளிதாக உருவாகின்றது. அடுத்த படியில் அவ்வெழுவாயின் இடத்தில் ஒரு சமூகத்தின் பெயரே வந்தமர்ந்தது.

தமிழிற் கலைச்சொல் இல்லை என்ற வழமையான சமாதானம் இங்கு பொருந்தாது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் போதித்தார். நமது பாடசாலைகள் பல தசாப்தங்களாக உயிரியலைத் தமிழிற் கற்பிக்கின்றன. 'வைரசின் ஆர்.என்.ஏ. உயிருள்ள கலத்தின் இறைபோசோமில் மொழிபெயர்க்கப்படுகின்றது' என்று எழுத வேண்டிய சொற்கள் அனைத்தும் கல்முனையில் உயர்தரம் பயிலும் மாணவியின் குறிப்பேட்டில் உள்ளன. அவ்வாக்கியத்தில் வைரசு எழுவாயன்று. அதற்கு ஓர் இடமும் நிபந்தனையும் உண்டு.