பனிக்குள்ளே ஒரு பாயிண்ட்

கையடக்க ஜிபிஎஸ் வாங்கினதுலேர்ந்து எங்க வீட்ல யாரும் என்கிட்ட பேச்சு கொடுக்கிறதில்லை. கொடுத்தா நிறுத்தமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. பால் வாங்கப் போனாலும் சட்டைப் பையில அதுதான் இருக்கும். தரமணி ரயில் நிலையத்து பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சத்தமா வாசிச்சேன். பக்கத்துல நின்ன அம்மா ரெண்டடி தள்ளிப் போயிட்டாங்க. போகட்டுமே!

வாங்கினது ரிச்சி தெருவுல. கடைக்காரர் கேட்டார், "போன்லயே மேப் இருக்கே சார், இது எதுக்கு?" அந்தக் கேள்விக்காகத்தானே நான் காத்துக்கிட்டிருந்தேன்! ஈரக் கையோட, உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட, போன் திரையைத் தொட்டுப் பாருங்க. நீங்க ஒண்ணைத் தொட்டா அது இன்னொண்ணைத் திறக்கும். வெயில்ல திரையில உங்க முகம்தான் தெரியும். இதுல தொடுதிரை கிடையாது, அழுத்துற பட்டன்கள். நிழல்ல மங்கலா இருக்கிற திரை உச்சி வெயில்ல பளிச்சுனு தெரியும், வெயில் ஏற ஏற இன்னும் நல்லா தெரியும். ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்னு அர்த்தம் சொல்ற ஐபிஎக்ஸ்7 முத்திரை. எல்லாத்துக்கும் மேல, ரெண்டு ஏஏ பேட்டரி! பொட்டிக்கடையில கூட கிடைக்கும். ரெண்டு போட்டா இருபத்தஞ்சு மணி நேரம் ஓடும்னு சொல்ற கார்மின் ஈட்ரெக்ஸைத்தான் எடுத்தேன். அதே கம்பெனியோட ஜிபிஎஸ்மேப் 78 தண்ணியில விழுந்தா மிதக்கும், ஆனா விலை என் பர்ஸை மூழ்கடிச்சிடும். அதனால ஈட்ரெக்ஸுக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டேன். தூங்கும்போது மட்டும் கழட்டுவேன்.

பழவேற்காடு ஏரிக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நான் அடிச்ச கூத்தைச் சொல்லியே ஆகணும். 13 டிகிரி வடக்கு அட்சரேகை நம்ம பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வழியாத்தான் போகுது, தெரியுமா? ஒரு நிமிஷம் அட்சரேகைன்னா ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். இந்தக் கருவி நிமிஷத்துல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும். அதாவது ரெண்டு மீட்டருக்கும் கம்மி! காலை நடைக்கு வந்தவங்க எல்லாம் பார்க்க, கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டடி வடக்கே, அரையடி தெற்கேன்னு நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து, 13 டிகிரிக்குப் பின்னாடி வரிசையா எல்லாம் சைபரா நிக்கிற அந்த இடத்தைப் பிடிச்சேன். கத்தியே விட்டேன். சுண்டல் விக்கிற பையன் ஓடி வந்து என்ன கிடைச்சதுன்னு மணல்ல தேடினான்.

சரி, இப்போ ஏரி. பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியா நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. எங்க பெரியப்பா அங்கே வலை போட்டே பிள்ளைகளை ஆளாக்கினவர். ஏரி பார்க்கக் கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும், ஆனா பல இடத்துல இடுப்பளவுதான் தண்ணி. ஓடை எங்கே, திட்டு எங்கேன்னு தெரியாம படகு விட்டா மணல்ல ஏறி உட்கார்ந்துடும், அப்புறம் இறங்கித் தள்ளவேண்டியதுதான். பெரியப்பாவுக்குக் கலங்கரை விளக்கமும் ஒரு பனைக்கூட்டமும் போதும். ரெண்டும் எந்தக் கோணத்துல தெரியுதுன்னு பார்த்து, "இங்கதான்"ன்னு கழியைக் குத்துவார். என் டப்பாவைப் பார்த்ததும், "இது மீனைக் காட்டுமாடா?"ன்னு கேட்டார். காட்டாது பெரியப்பா, நம்மளைக் காட்டும்னு சொன்னேன். "நான் இங்கதானே இருக்கேன்"னுட்டு இன்ஜின் கயிறை இழுத்தார்.

சாயங்காலம் நண்டு வலை விட்டோம். வலையோட ஒவ்வொரு முனையிலும் நான் பட்டனை அழுத்தி ஒரு பாயிண்ட் போட்டேன். போற வழி முழுக்க டிராக் தானாப் பதிவாகிட்டே வந்தது. ஓடை வளையுற இடமெல்லாம் திரையில கோடா வளைஞ்சது.

இப்போ நினைச்சுப் பாருங்க, மறுநாள், மார்கழி விடியக்காலை, ஏரி மேல பனின்னா பனி, அப்படி ஒரு பனி, படகோட முன் முனையே தெரியலை, கலங்கரை விளக்கம் இல்லை, பனைமரம் இல்லை, கரையே இல்லை, எங்கேயோ ஒரு பறவைக் கூட்டம் கொக்கரிக்குது, அது பூநாரையா கொக்கான்னு கூடத் தெரியலை, மூக்குல சேத்து வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும், விரல் எல்லாம் விறைச்சுப்போய், பெரியப்பா "வெயில் வரட்டும்டா, அவசரமில்லை"ன்னு பீடியைப் பத்தவைக்கிறார், நான் கெஞ்சுறேன், ஒரே ஒரு தடவை பெரியப்பா, நான் சொல்ற பக்கம் விடுங்கன்னு, அவரும் பாவம்னு கழியைப் போடுறார், நான் பாயிண்ட்டைத் தேர்ந்தெடுத்து "போ"ன்னு கொடுக்கிறேன், அம்புக்குறி திரும்புது, 140 மீட்டர், கொஞ்சம் இடது பெரியப்பா, 90, நேரா, நேரா, 40, நெஞ்சு அடிச்சுக்கிற சத்தம் எனக்கே கேட்குது, 15, எதுவுமே தெரியலையேடாங்கிறார், 6, 3, டொக்! வலையோட மிதவை படகு மூக்குல வந்து இடிச்சது! சத்தியமா இடிச்சது! நான் எழுந்து குதிச்ச குதியில படகு ஒரு பக்கம் சாய்ஞ்சு, பெரியப்பா வாயிலிருந்த பீடி தண்ணிக்குள்ள போச்சு. அவர் திட்டின வார்த்தைகளை இந்தப் பத்திரிகை போடாது. ஆனா வலையை இழுத்துக்கிட்டே, தலை நிமிராம கேட்டார், "அந்த இன்னொரு முனையும் அதுல இருக்கா?" இருக்கு பெரியப்பா! இருக்கு!

டவர் இல்லாம எப்படி வேலை செய்யுதுன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. டவரே வேண்டாம், ரேடியோ மாதிரி இது கேட்க மட்டும்தான் செய்யும். 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிட்டே இருக்கு. அந்தக் குரல் நம்ம படகுக்கு வந்து சேர ஒரு நொடியில பதினஞ்சுல ஒரு பங்கு. நாலு செயற்கைக்கோள் கேட்டா நீங்க எங்கேன்னு கணக்கு முடிஞ்சது. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்கா வேணும்னே இந்த சிக்னல்ல பிசகு கலந்து விட்டுக்கிட்டிருந்தது. நூறு மீட்டர் வரைக்கும் தப்பு வரலாம். நூறு மீட்டர் பிசகோட அந்தப் பனியில நாங்க மிதவையைத் தேடியிருந்தா, மதியச் சாப்பாட்டுக்கும் வீடு திரும்பியிருக்கமாட்டோம்.

பனி விலகினப்போதான் எனக்கு இன்னொரு பைத்தியம் பிடிச்சது. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவுல நீண்டு கிடக்கிற தீவு எது? ஸ்ரீஹரிகோட்டா! ஜிபிஎஸ் மாதிரியே வழி சொல்ற நம்ம நாட்டு நாவிக் வரிசையோட முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ம் தேதி பிஎஸ்எல்வி மேல ஏறிப் போனது இந்த ஏரிக்கரையிலேர்ந்துதான். 2016 ஏப்ரலுக்குள்ள ஏழும் போயாச்சு. என் டப்பா நாவிக்கைக் கேட்காது, சில புதுப் போன்கள் கேட்குது. ஆனா என்ன! வழி சொல்ற செயற்கைக்கோள் புறப்பட்ட தீவைப் பார்த்துக்கிட்டே, வழி சொல்ற கருவியைக் கையில வெச்சுக்கிட்டு நண்டு வலை இழுக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? பெரியப்பாவுக்கு இதுல பெரிய வியப்பு இல்லை. "ராக்கெட் விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகவிடமாட்டான்"னார்.

கடலுக்குப் போற என் அண்ணன் கையில இருக்கிறது வேற. ஃபிஷர் ஃப்ரெண்ட்னு ஒரு செயலி. அதோட பிறந்த வீடு எது தெரியுமா, நான் தினமும் வேலைக்குப் போற தரமணி! எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல தொடங்கின முயற்சி. அலை உயரம், காற்று, மீன் கூடுற இடம் எல்லாம் ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் தர்ற தகவல். கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள்ல பார்த்துக் கணிக்கிறாங்க. இலங்கைக் கடல் எல்லை நெருங்கினா எச்சரிக்கும், பாக் நீரிணைக்காரங்களுக்கு அது உயிர்க்காப்பு. அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ல உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போடுறேன்.

குறையே இல்லையான்னு கேட்பீங்க. ஆழம் காட்டாது. முகத்துவாரத்துல மணல் இடம் மாறினா போன வருஷத்து டிராக்கை நம்பமுடியாது. சரி, போதும்.

அந்தப் பாயிண்ட்டோட எண்ணை இந்தக் கட்டுரையில போடலாமான்னு பெரியப்பாகிட்ட போன்ல கேட்டேன். "தாராளமாப் போடு. அப்புறம் இந்தப் பக்கம் நண்டு திங்க வராதே"ன்னார். அதனால டிகிரியை மட்டும் சொல்றேன், 13.