எழுதி வாங்கும் தாள்

நிறுவனத்தில் பணம் காணாமல் போனால் பல இடங்களில் போலீசுக்கு முன்பே தனியார் துப்பறிவாளர் வந்துவிடுகிறார். விஷயம் வெளியே போனால் பெயர் கெடும் என்ற பயம் நிர்வாகத்துக்கு. கைது செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை; அவர் கையில் இருப்பது கேள்வி மட்டும்தான்.

அதைப் பொறுமையாகக் கேட்பவர் நிறையக் கறந்துவிடுவார். போலி சப்ளையர் பெயரில் பணம் போயிருக்கிறது, அந்த வங்கிக் கணக்கு அக்கவுண்ட்ஸ் ஊழியரின் உறவினருடையது என்று வைத்துக்கொள்வோம். அனுபவசாலி அதைக் காட்டும் வங்கித் தாளை எடுத்தவுடன் நீட்டமாட்டார். "புது சப்ளையர் வந்தா சிஸ்டத்துல யார் சார் ஏத்துவாங்க? பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்?" என்று நடைமுறையில் தொடங்குவார். பதில்களைக் குறித்துக்கொண்ட பிறகே தாள் மேசைக்கு வரும். செய்தவருக்கு அப்போது புதுக்கதை கட்ட இடமிருக்காது. "பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும்" என்று சொல்ல வேண்டிய அப்பாவிக்கோ அதற்கான வாய்ப்பு முன்பே கிடைத்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போலீஸ் வகுத்த 'பீஸ்' முறையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: தயாரித்துக்கொண்டு போ, ஆளைப் பேசவிடு, சொன்னதைச் சரிபார்.

சிக்கல், ஒப்புதலை எழுதி வாங்குவதே குறி என்று ஆகும்போது வருகிறது. அமெரிக்காவில் பரவிய 'ரீட்' முறை அந்த வகை. எதிரில் இருப்பவர் குற்றவாளி என்று முடிவுகட்டி, மறுப்பை இடைமறித்து, "அவசரத்துக்கு எடுத்திருப்பீங்க, திருப்பி வைக்கணும்னுதான் நினைச்சிருப்பீங்க" என்று இறங்கிவர வழிகாட்டுவது. சான் டியேகோவில் ஒரு கடை ஊழியர், 820 டாலரை எடுத்ததாக நிறுவனத்தின் புலனாய்வாளரிடம் இப்படித்தான் ஒப்புக்கொண்டார். பணம் திருடுபோகவே இல்லை, தவறு வங்கியுடையது. 2006-ல் ஜூரி அந்த நிறுவனத்துக்கு 75 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது.

இந்தியாவில் ஒரு முரண். போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. தனியாரிடம் எழுதிக் கொடுத்ததற்கு அந்தத் தடை இல்லை. ஆக, காவல் நிலையத்தில் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு கான்பரன்ஸ் அறையில் இல்லை. துப்பறியும் நிறுவனங்களை நெறிப்படுத்த 2007-ல் வந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

ஒப்புதலை மட்டும் குறிவைப்பதால் அடிபடுவது அப்பாவி மட்டுமல்ல. "எழுதிக் கொடுத்துட்டா கேஸ் போடமாட்டோம்" என்ற ஒரு வார்த்தை, ஆசைகாட்டி வாங்கிய ஒப்புதல் என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட வழிசெய்யும். உண்மையிலேயே எடுத்தவரும் அந்த ஓட்டை வழியே நழுவலாம்.

எழுதி வாங்கிய தாளில் 'எடுத்தேன்' என்ற சொல் இருந்தால் போதாது. எந்தக் கணக்கு, எந்தத் தேதி, பணம் யாரிடம் போனது என்று வெளியே போய்ச் சரிபார்க்க ஏதாவது இருக்க வேண்டும். சான் டியேகோவில் அந்தச் சரிபார்ப்பு வங்கி கவுண்டரில் தொடங்கியிருந்தால், அந்த ஊழியரை உட்காரவைத்துக் கேட்கவேண்டிய தேவையே வந்திருக்காது.